வால் பக்கம் நின்றவள்

முதலில் கையை எடுத்தவள் என் மகள் அல்ல. நான்தான்.

மூன்று ஆண்டுகளாக இந்த ஒரு வரியை நான் எவரிடமும் சொல்லவில்லை. என் கணவருக்குத் தெரியாது. மகனுக்குத் தெரியாது. யாருக்குத் தெரிந்திருக்க வேண்டுமோ, அவளுக்கும் தெரியாது. உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேன்.

ஒரு முதலையை நானும் என் மகளும் சேர்ந்து பிடித்திருந்தோம். அவள் தலைப் பக்கம், நான் வால் பக்கம். விடும்படி சொல்லப்படுவதற்கு முன்னரே நான் விட்டுவிட்டு ஓடினேன். முதலை அவளுடைய வலது கையைக் கவ்வியது. பிறகு, யார் முதலில் விட்டது என்று கேட்டார்கள். அவள்தான் என்று சொன்னேன்.

ஆம், பெற்ற தாய்தான் சொன்னேன்!

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் இருக்கும் ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண்ணுக்கு முதலையோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆரணி முதன்முதலில் அந்தப் பேச்சை எடுத்தபோது நானும் அதைத்தான் கேட்டேன்.

ஆரணி என் இரண்டாவது பிள்ளை. பள்ளி இறுதிப் பரீட்சையை நல்ல புள்ளிகளோடு முடித்தவள். அவள் மருத்துவம் படிப்பாள் என்று நான் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவளிடம் மட்டும்தான் கேட்கவில்லை. அவளோ, எங்களிடமிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் ஊர்வன காப்பகம் ஒன்றில் ஓராண்டாக வார இறுதிகளில் தொண்டராக வேலை செய்துகொண்டிருந்தாள். குட்டியாக வாங்கிக் குளியல் தொட்டியில் வளர்த்து, பெருத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கைவிடுகிறார்களே, அப்படிப்பட்ட முதலைகளும் பாம்புகளும் அங்கேதான் வந்து சேரும். அந்தக் காப்பகத்திலேயே விலங்குப் பராமரிப்புக்கு அவுஸ்பில்டுங் செய்யப் போகிறேன் என்றாள். மூன்று ஆண்டுத் தொழிற்பயிற்சி. ஆண்டுக்கு ஒரே ஓர் இடம். ஆறு வாரம் வேலை செய்து காட்டினால் அங்குள்ள பயிற்சியாளர் ஹோல்கர் முடிவு சொல்வார்.

பாம்புக்குச் சாப்பாடு போடவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று கத்தினேன். அவள் கோபப்படவே இல்லை.

"நீங்கள் வயசு போன ஆக்களைப் பிரட்டிப் போடுறீங்கள், நான் முதலையைப் பிரட்டிப் போடுறன். ரெண்டும் ஒரே வேலைதான் அம்மா. உங்கட ஆக்கள்தான் கூடக் கடிப்பினம்" என்றாள்.

நான் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறேன். அவள் சொன்னது உண்மைதான். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அந்தக் காப்பகத்தில் சனிக்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கும். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, ஓர் அலிகேட்டர் முதலையைக் கையால் அமுக்கிப் பிடித்துப் பார்க்கலாம். வாசல் பலகையில் 'முதலையோடு மல்யுத்தம்' என்று எழுதியிருந்தார்கள். ஹோல்கருக்கு அந்தச் சொல்லில் வெட்கம். இது மல்யுத்தமே இல்லை, வெறும் பிடித்தல்தான், ஆனால் 'பிடித்தல்' என்று எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவர் சொன்னாராம். அவர்தான் ஆரணியிடம் யோசனை சொன்னார்... உன் அம்மாவைக் கூட்டி வா, பயப்படுகிறவர் ஒருமுறை தொட்டால் பயம் போய்விடும் என்று.

பெப்ரவரி மாதம். வெளியே பனி. உள்ளே போனதும் மூக்குக் கண்ணாடியை ஆவி மூடிக்கொள்ளும் அளவுக்குப் புழுக்கம். அந்தக் காலை வகுப்புக்கு நாங்கள் இருவர் மட்டுமே. ஹோல்கர் அறுபதை நெருங்கும் மனிதர், மெல்லப் பேசுகிறவர். அவர் என்னைப் பார்த்துப் பேச, நான் வழக்கம்போல ஆரணியின் முகத்தைப் பார்த்தேன்.

இந்த வழக்கத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எட்டு வயதிலிருந்தே எனக்காகப் பேசியவள் அவள். வைத்தியரிடம், நகர அலுவலகத்தில், ஏன், தன்னுடைய ஆசிரியை தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன குறையைக்கூட அவளே எனக்குத் தமிழில் சொன்னாள், ஒரு சொல் குறைக்காமல்! அப்போது எனக்கு ஜெர்மன் வராது. பிறகு வந்தது. இன்று என் இல்லத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் பராமரிப்புக் குறிப்பை நானே எழுதுகிறேன். யாராவது கட்டிலிலிருந்து விழுந்தால் விபத்து அறிக்கையும் எழுதுகிறேன். ஆனாலும் வெளியே, கையில் படிவம் வைத்திருக்கும் ஒரு ஜெர்மானியர் முன்னால், என் நாக்கு மடங்கிக்கொள்ளும். கண்கள் அவளைத் தேடும். அதுவரை அது வெறும் பழக்கம். அதில் வஞ்சகம் இருக்கவில்லை... அதுவரை.

ஹோல்கர் விதியைச் சொன்னார். தலையைப் பிடித்திருப்பவர்தான் தலைவர். விட வேண்டிய நேரத்தில் அவர் 'லோஸ்' என்பார். அந்தச் சொல்லைக் கேட்டதும் இருவரும் ஒரே நொடியில் பின்னால் விலக வேண்டும். அதற்கு முன் வானமே இடிந்தாலும் வால் பக்கம் நிற்பவர் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் விலங்கு உடம்பை முறுக்கும். அதன் முழுப் பலமும் தலைப் பக்கம் இருப்பவர் மேல் வந்து விழும்.

எனக்குத் தெரியும் என்றேன். எங்கள் வேலையிலும் அதே விதிதான். படுக்கையில் கிடப்பவரை இருவர் புரட்டும்போது தலைமாட்டில் நிற்பவர் எண்ணுவார், கால்மாட்டில் நிற்பவர் அவர் சொல்லாமல் விடமாட்டார். புதிதாக வரும் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். ஆரணி அதை மொழிபெயர்த்தாள். அப்படியானால் எனக்கு இன்று ஒரு சக பணியாளர் கிடைத்திருக்கிறார் என்று ஹோல்கர் சிரித்தார்.

முதலையின் பெயர் ரோசி. என் உயரம் இருக்கும். வாயைச் சுற்றி அகலமான ஒட்டுநாடா. கண்களின் மேல் ஈரத் துணி. ஆரணி அதன் முதுகுக்கு இரு பக்கமும் முழங்காலிட்டு, கழுத்தை அழுத்தி, மெதுவாகத் தாடையைப் பொத்திப் பிடித்தாள். நான் பின்னங்கால்களோடு சேர்த்து வாலின் அடியைப் பிடித்தேன்.

குளிர்ந்து வழவழப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. உலர்ந்திருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. அதன் மூச்சு என் உள்ளங்கைக்குள் ஏறி இறங்கியது.

இதையும் சொல்லிவிடுகிறேன்... எனக்கு அது பிடித்திருந்தது! முதல் முறை ஆரணி 'லோஸ்' என்றதும் இருவரும் ஒன்றாக விலகினோம். இரண்டாம் முறையும் அப்படியே.

"அம்மா, ரோசி உங்களுக்குப் பயந்துபோய் நிக்கிறா. எங்களை மாதிரித்தான்" என்றாள் ஆரணி.

பின்னாலிருந்து அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விலங்கோடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் கைகளில் நடுக்கமே இல்லை. இவளுக்குரிய இடம் இதுதான் என்று ஒரு கணம் தோன்றியது. ரயிலில் திரும்பிப் போகும்போது சம்மதம் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

சத்தியமாக நினைத்தேன். நீங்கள் நம்ப வேண்டுமென்று இல்லை.

மூன்றாம் முறை, ரோசியைத் தண்ணீருக்கே விடுவது. அதற்கு வாயின் ஒட்டுநாடாவைக் கழற்ற வேண்டும். பார்வையாளர்களை அப்போது வெளியே அனுப்பிவிடுவார்களாம். ஆரணி பழகியவள், நீங்களும் நன்றாகப் பிடிக்கிறீர்கள், ஆகவே நில்லுங்கள் என்றார் ஹோல்கர். நாடாவை வெட்டி எடுத்தார். துணியை எடுத்தார். தண்ணீருக்குப் போகும் வழியை விட்டு விலகி, அவற்றை வாளியில் போடத் திரும்பினார்.

அப்போது ரோசி மூச்சு விட்டது. வெறும் மூச்சுத்தான். நீண்ட, சீறலான ஒரு மூச்சு. என் கைக்குள் வால் ஒருமுறை கல்லாக இறுகியது.

நான் ஓடினேன்.

நினைத்து ஓடவில்லை. என் கால்கள் ஓடின என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தான் எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் கைகள்? பத்தொன்பது ஆண்டுகள் ஒருவரையும் நழுவவிடாத இந்தக் கைகள்? அவற்றை விரித்தது யார்?

பின்னால் மரப்பெட்டி ஒன்றை அடித்து மூடியது போல ஒரு சத்தம் கேட்டது.

வேலியைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். ஆரணி பக்கவாட்டில் சரிந்து கிடந்தாள். அவளுடைய வலது கை முதலையின் வாய்க்குள் இருந்தது. அவள் அலறவில்லை! கையை இழுக்கவும் இல்லை. இழுத்தால் கிழிந்துவிடும், அசையாமல் இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அசையாமல் கிடந்தாள். வெளுத்துப்போன முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, கிட்ட வரவேண்டாம். அங்கயே நில்லுங்கோ."

நான் ஏதோ அவளைக் காப்பாற்ற ஓடிவரப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். நான் ஏற்கெனவே அங்கேதான் நின்றேன். வேலியோடு ஒட்டி, ஆறடி தள்ளி.

ஹோல்கர் பாய்ந்து விழுந்து கழுத்தை அமுக்கியதும், எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு போலத் தோன்றிய சில நொடிகளில், வாய் திறந்தது. அதற்குப் பிறகு நான் கண்டதை எழுத என்னால் முடியவில்லை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும். எலும்பு, நரம்பு, எல்லாம் நசுங்கி.

மறுநாள் மத்தியானம். அறுவைச் சிகிச்சை முடிந்து அவள் படுத்திருந்தாள். ஹோல்கர் காப்புறுதிக்கான விபத்துப் படிவத்தோடு வந்து கட்டில் அருகே உட்கார்ந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். நடந்ததை அவர் பார்க்கவில்லை. திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. முதலில் அவர் ஆரணியிடம் கேட்டார். நினைவில்லை என்றாள். 'லோஸ்' சொன்னேனா இல்லையா என்பதே தெரியவில்லை, ஒருவேளை கை தளர்ந்திருக்கலாம் என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். வால் பக்கம் நின்ற விருந்தாளி விட்டிருந்தால் அது முழுக்க முழுக்கத் தன் தவறு, நாடா இல்லாத விலங்கோடு விருந்தாளியை நிறுத்தியது தானே, தாயாரை யாரும் குறை சொல்லமாட்டார்கள், ஆரணிக்குக் கை ஆறியதும் பயிற்சி இடம் அவளுக்குத்தான் என்றார். தலைப் பக்கம்தான் விட்டதென்றால் மட்டும்... என்று நிறுத்தினார்.

ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. அதைவிடக் கடினமான ஜெர்மனில் நான் அறிக்கை எழுதுகிறவள். ஆனாலும் புரியாதவள் போல ஆரணியைப் பார்த்தேன்.

தலையணையிலிருந்தபடியே அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ஆர் முதல்ல விட்டது எண்டு கேக்கிறார் அம்மா. நீங்கள் விட்டிருந்தா அது தன்ர பிழையாம். உங்களை ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினமாம். பயப்பிடாமல் உள்ளதைச் சொல்லுங்கோ."

எனக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை, கவனித்தீர்களா? தண்டனை இல்லை, பழி இல்லை. ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்குப் பிறகு இரண்டே இரண்டு விடயங்கள்தான் நடந்திருக்கும். பிள்ளையை முதலையிடம் விட்டுவிட்டு ஓடியவள் என்று என் மகள் என்னைத் தெரிந்துகொண்டிருப்பாள். கை ஆறியதும் அவள் மறுபடி அந்தக் கொட்டகைக்குள் போயிருப்பாள்.

எதற்கு நான் அதிகம் பயந்தேன்? மூன்று ஆண்டுகளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளைக் காக்கவே பொய் சொன்னேன் என்று சில நாட்களில் நம்பிவிடுகிறேன். அடுத்த நாள் காலையில் முகம் கழுவும்போது அந்த நம்பிக்கை போய்விடுகிறது.

"நான் கடைசி மட்டும் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான்" என்றேன். "நீதான் பிள்ளை, முதல்ல கையை எடுத்தனி."

அவள் என்னைப் பார்த்தாள். சந்தேகத்தோடு அல்ல. சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்! தொலைத்த ஒன்றைக் கண்டெடுத்துக் கொடுத்தவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு ஹோல்கரிடம் திரும்பினாள். எட்டு வயதில் தன் ஆசிரியை சொன்ன குறையை எனக்குச் சொன்னாளே, அதே குரலில், ஒன்றையும் குறைக்காமல், ஒன்றையும் மென்மையாக்காமல் ஜெர்மனில் சொன்னாள்.

"என் தாய் கடைசிவரை பிடித்திருந்தார். நான்தான் முதலில் விட்டேன்."

ஹோல்கர் எழுதினார். சாட்சியின் கையொப்பம் என்ற இடத்தை விரலால் காட்டினார். நான் ஒப்பமிட்டேன். அறிக்கையில் எழுதப்படும் ஒரு வரிக்கு எவ்வளவு ஆயுள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே ஒப்பமிட்டேன்.

அந்தப் பயிற்சி இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஹோல்கர் தானே தொலைபேசியில் சொன்னார். மிகவும் வருந்தினார். வகுப்பையும் நிறுத்திவிட்டார்களாம், பலகையையும் கழற்றிவிட்டார்களாம். ஆனால் நாடா இல்லாத வாயைப் பொத்தியிருக்கும்போது கை தளர்கிற ஒருவரை, அவள் நன்மைக்காகவே, எடுக்க முடியாது என்றார். ஆரணி அவருக்கு நன்றி சொன்னாள். அவர் சொல்வது சரிதான் என்று என்னிடமும் சொன்னாள்.

நான் அவளுக்குக் கோழிச் சூப் வைத்துக் கொடுத்தேன்.

எங்கள் ஆட்கள் நடுவில் கதை வேகமாகப் பரவியது. கொண்டாட்ட மண்டபங்களில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நல்ல காலம் தாய் பக்கத்தில் நின்றது என்றார்கள். பிள்ளை பயத்தில் விட்டிட்டுதாம், தாய்தான் வாலை விடாமல் நிண்டதாம் என்று என் காதுபடவே ஒருவருக்கொருவர் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ஒருமுறை, வால் எவ்வளவு பாரம் என்றுகூடச் சொல்லிக் காட்டினேன்... ஐயோ, சொல்லிக் காட்டினேன்!

ஆரணி இப்போது ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருக்கிறாள். நல்ல வேலை, சுத்தமான மேசை. நான் விரும்பியதற்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்துவிட்டது. விரல்கள் முழுவதும் மடங்காது, மற்றபடி குறையில்லை என்கிறார் வைத்தியர். சிரிக்கிறாள், பேசுகிறாள், என்னை முன்னைவிட அதிகம் பார்க்க வருகிறாள். ஒன்றே ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. தேநீர்க் கோப்பையை அவள் யாருடைய கையிலும் கொடுப்பதில்லை. மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். நாங்கள் எடுத்துக்கொள்வோம். விரல் நோவுதான் காரணம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைக்க முயன்றேன்.

போன மாதம் என் மகன் கஜனின் குழந்தைக்கு முப்பத்தோராம் நாள். பான் நகரில் அவர்களுடைய வீட்டில் கூடியிருந்தோம். குழந்தைக்குக் காப்புப் போடும்போது தகப்பனின் சகோதரி, அதாவது மாமி, மடியில் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். கஜன் தங்கையைக் கூப்பிட்டான். அவள் கைபேசியைத் தூக்கிக் காட்டினாள்.

"நான் படம் எடுக்கிறன் அண்ணா. அம்மாவை இருக்கச் சொல்லுங்கோ."

"முதலையையே பிடிச்ச ஆள் நீ. இந்த நாலு கிலோவுக்குப் பயமோ?" என்றான் கஜன். எல்லோரும் சிரித்தார்கள். ஆரணியும் சிரித்தாள்.

"விரல் நோகுதோ ஆரணி?" என்று மருமகள் கேட்டாள்.

"விரலில ஒண்டுமில்லை அண்ணி. நான் இடையில விட்டிடுற ஆள். அது எனக்குத் தெரியும்தானே. பிள்ளையில அதைச் சோதிச்சுப் பாக்கேலாது."

சாதாரணமாகச் சொன்னாள். தன் இரத்த வகையைச் சொல்வது போல. கேட்டவர்கள் வேறு பேச்சுக்குப் போனார்கள்.

எனக்குள் என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வேன்? ஒரு வேலையை மட்டும்தான் அவளிடமிருந்து பறித்தேன் என்று இவ்வளவு காலமும் கணக்குப் போட்டிருந்தேன். அவள் தன் கைகளையே நம்பாமல் மூன்று ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறாள்! தன் அண்ணன் பிள்ளையை அவள் ஒருமுறைகூடத் தூக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளை அவளுக்கே ஒரு பிள்ளை பிறந்தால்? அதையும் யாராவது மேசையில் வைத்துத்தான் அவளுக்குக் காட்ட வேண்டுமா?

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே. வாயைத் திறந்தேன்கூட. முதலில் விட்டது நான்தான், உன் கை அசையவே இல்லை பிள்ளை என்று... அவ்வளவுதான். தமிழில்தான் சொல்ல வேண்டும், மொழிபெயர்க்க யாரும் தேவையில்லை.

"இருங்கோ அம்மா" என்று என் தோளைத் தொட்டாள் ஆரணி. பிறகு மருமகளைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மான்ர மடியில குடுங்கோ அண்ணி. அம்மா பிடிச்சா விடமாட்டா."

குழந்தையை என் மடியில் வைத்தார்கள். நான் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். ஆரணி இரண்டடி பின்னால் போய்க் கைபேசியை உயர்த்தினாள்.

"இஞ்ச பாருங்கோ அம்மா."

பார்த்தேன். சிரிக்கவும் செய்தேன்.